வேலை குறையும் காலத்தில் கலையை நம்பி வாழ்வது எப்படி? சிங்கப்பூர்க் கலைஞர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2020 மார்ச் கடைசி வாரத்தில், ஐந்து நாளில் ஏழு பேரிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. எல்லாவற்றிலும் சாரம் ஒன்றுதான்: "அக்கா, கல்யாணத்தைத் தள்ளி வெச்சிட்டோம்." நான் கோலமும் சுவரோவியமும் போடுபவள். ஏப்ரல் 7ஆம் தேதி சர்க்கிட் பிரேக்கர் எனப்பட்ட கொவிட் முடக்கம் தொடங்கி ஜூன் 1 வரை நீடித்தது. அந்த இரண்டு மாதத்தில் என் கைக்கு வந்த வேலை பூஜ்யம். அதே ஜூனில் ஓர் ஆங்கில நாளிதழ் வெளியிட்ட கருத்தாய்வில், 'அத்தியாவசியமில்லாத வேலை' என்று மக்கள் சொன்ன பட்டியலில் கலைஞர் முதலிடத்தில் இருந்தார். அதைப் படித்துவிட்டு எனக்குப் போன் செய்து அழுத தோழிகள் உண்டு.

1985, 1998, 2001, 2009, 2020 என்று இந்த ஊர் பலமுறை பொருளாதாரச் சரிவைப் பார்த்துவிட்டது. ஒவ்வொரு முறையும் முதலில் நிற்பது நம் வருமானம்தான். மேடை அலங்காரம், மிருதங்கக் கச்சேரி, ஓவியம், பட்டிமன்றம் எல்லாவற்றையும் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு குடும்பமோ கம்பெனியோ சுலபமாகத் தள்ளி வைத்துவிட முடியும். அந்த ஒவ்வொரு சரிவிலும் தாக்குப்பிடித்த கலைஞர்களும் இருந்திருக்கிறார்கள். அவர்களில் எனக்குத் தெரிந்தவர்கள் யாரும் மற்றவர்களைவிட மலிவாக வேலை செய்தவர்கள் இல்லை. கூலியைக் குறைக்காமல் வேலையின் அளவைக் குறைத்தார்கள், கணக்கை ஒழுங்காக வைத்திருந்தார்கள். இந்த வழிகாட்டியில் நான் முக்கியமாகச் சொல்ல வருவது இந்த இரண்டைத்தான்.

முதலில் ஒரு எச்சரிக்கை. கணவரோ மனைவியோ இங்கே வேலை செய்ய, சார்ந்திருப்போர் அட்டையில் வந்திருப்பவர்கள் நம்மில் நிறைய. மருதாணி, கோலம், பாட்டு வகுப்பு என்று கை நிறையக் கலையோடு வந்திருப்பீர்கள். 2021 மே 1 முதல் சார்ந்திருப்போர் அட்டை வைத்திருப்பவர் வேலை செய்ய விரும்பினால் தனியாக வேலை அனுமதி வேண்டும். வீட்டிலிருந்து செய்தாலும், தெரிந்தவர்களுக்கு மட்டும் செய்தாலும், காசு வாங்கினால் அது வேலைதான். முதல் ஆர்டருக்கு முன்பே மனிதவள அமைச்சிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

படி 1: உங்கள் அடிமட்ட எண்ணைக் கண்டுபிடியுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். கடந்த மூன்று மாத வங்கிக் கணக்கைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். எதையும் மனக்கணக்காகப் போடாதீர்கள்.

என் கணக்கையே காட்டுகிறேன். வீட்டுச் செலவில் என் பங்கு 600 வெள்ளி, சாப்பாடு 450, பஸ், ரயில் 130, போனும் இணையமும் 60, காப்புறுதி 180, அம்மாவின் மருந்துக்கு 120. இதுவரை 1,540. வேலைக்கான பொருள்களும் சாமான்களோடு போகும்போது பிடிக்கும் டாக்சியும் சேர்த்து 260. மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்புக்கும் வரிக்கும் ஒதுக்கி வைப்பது 200. ஆக மாதம் 2,000 வெள்ளி. இதற்குக் கீழே போனால் நான் சேமிப்பைத் தின்கிறேன் என்று அர்த்தம்.

அடுத்து, நான்கு வாரத்துக்கு உங்கள் நேரத்தை எழுதுங்கள். இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறோம். நான் வாரம் 45 மணி நேரம் உழைப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதிப் பார்த்தபோது, காசு வரும் வேலை மாதத்துக்கு 80 மணி நேரம்தான். மீதியெல்லாம் விலை சொல்வது, பிராஸ் பாசாவுக்குப் போய் வண்ணம் வாங்குவது, இடம் பார்க்கப் போவது, தூரிகை கழுவுவது. வேலை குறைந்த மாதங்களில் அந்த 80 மணி 50 ஆனது. 2,000 வெள்ளியை 50 மணியால் வகுத்தால் மணிக்கு 40 வெள்ளி. அதுதான் என் அடிமட்டம். யார் எவ்வளவு அன்பாகக் கேட்டாலும் அதற்குக் கீழே நான் வேலை எடுப்பதில்லை.

இந்த எண் தெரியாமல் விலை பேசுகிறவருக்கு, மறுக்க வேண்டிய இடத்தில் மறுக்கத் தைரியம் வராது. எனக்கும் பத்து வருடம் அப்படித்தான் போனது.

கையில் மூன்று மாத அடிச்செலவு தனிக் கணக்கில் இருக்க வேண்டும். என் விஷயத்தில் அது 6,000 வெள்ளி. ஒரே மூச்சில் சேராது. வரும் ஒவ்வொரு கூலியிலும் பத்தில் ஒரு பங்கை அந்தக் கணக்குக்கு அன்றைக்கே மாற்றுங்கள். மாதக் கடைசியில் மிச்சம் இருந்தால் மாற்றலாம் என்று விட்டால் ஒருபோதும் நடக்காது.

படி 2: யார் எப்போது பணம் கொடுப்பார்கள் என்று வரைந்து பாருங்கள்

ஒரு பெரிய தாளில் பன்னிரண்டு மாதத்தையும் எழுதுங்கள். தமிழ் மாதத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள். நம் சமூகத்தில் பணம் அதன்படிதான் நகர்கிறது. தையில் பொங்கலும் தைப்பூசமும். ஆடியில், அதாவது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை, கல்யாணம் அநேகமாக இல்லை. ஆவணியில் முகூர்த்தங்கள் திரும்பும். அப்புறம் நவராத்திரிக் கொலு, தீபாவளி. மார்கழியில் வாசல் கோலத்துக்கு மவுசு, ஆனால் கல்யாணம் கிடையாது. ஏப்ரலில் தமிழ்மொழி விழா. நவம்பர் வாக்கில் எஸ்பிளனேட் கலையரங்கின் இந்தியக் கலை விழாவான கலா உற்சவம்.

அதே தாளில் இன்னொரு நிறத்தில் அரசாங்க, பள்ளி நாள்காட்டியை எழுதுங்கள். அரசாங்க நிதியாண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. அடுத்த ஆண்டு வகுப்புகளைப் பள்ளிகள் ஆண்டின் கடைசி மாதங்களில் திட்டமிடும். நீங்கள் ஜனவரியில் போய்க் கேட்டால் எல்லாம் முடிந்திருக்கும். செப்டம்பரிலேயே கேளுங்கள்.

சரி, இதை ஏன் வரையச் சொல்கிறேன்? சரிவு எல்லாரையும் ஒரே நேரத்தில் தாக்குவதில்லை. குடும்பங்கள் உடனே கையை இறுக்கும். கம்பெனிகளின் தீபாவளிக் கொண்டாட்டம் அந்த ஆண்டே சுருங்கும். பள்ளி, நூலகம், சமூக மன்றம், அரும்பொருளகம் போன்றவற்றின் பணம் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருப்பதால் கொஞ்சம் தாமதமாகத்தான் குறையும். உங்கள் வருமானம் முழுக்கக் கல்யாணத்திலிருந்தே வருகிறது என்றால் தாளில் ஒரே நிறம்தான் தெரியும். அதைப் பார்த்ததும் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கே புரியும்.

படி 3: கூலியைக் குறைக்காதீர்கள், வேலையின் அளவைக் குறையுங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் நின்று நிதானமாகப் பேச வேண்டும்.

உட்லண்ட்ஸில் ஒரு பெண். தம்பி கல்யாணம். மண்டப வாசலுக்கு எட்டடி வண்ணக் கோலம் கேட்டார். நான் சொன்ன விலை 640 வெள்ளி. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அக்கா, அவனுக்குப் போன மாசம்தான் வேலை போச்சு. எங்ககிட்ட முந்நூறுதான் இருக்கு" என்றார்.

இந்த இடத்தில் மனசு கரையும். கரையத்தான் வேண்டும். ஆனால் எட்டடிக் கோலத்தை 300 வெள்ளிக்குப் போட்டால் என்ன ஆகும்? வாசலில் ஏழு மணி நேரம், முந்தின நாள் மாவு சலித்து வண்ணம் கலக்க ஒன்றரை மணி நேரம். எட்டரை மணி நேரத்துக்கு 300 என்றால் மணிக்கு 35 வெள்ளி. என் அடிமட்டத்துக்குக் கீழே. அதோடு போகாது. அந்தக் கல்யாணத்துக்கு வந்த நாற்பது குடும்பங்களுக்கும் எட்டடிக் கோலத்தின் விலை இனி 300 வெள்ளி என்று ஆகிவிடும். சரிவு முடிந்த பிறகும் அந்த விலைதான் என் பின்னாலேயே வரும்.

நான் அவரிடம் சொன்னது இதுதான்: "முந்நூறுக்குள்ள அழகா ஒண்ணு பண்ணித் தர்றேன்மா. நாலடியில போடறேன், 280 ஆகும். நடுவுல தாமரை, ஓரத்துல இழைக்கோலம், சுத்தி எட்டு அகல்விளக்கு. விளக்கு மட்டும் நீங்க கொண்டு வாங்க."

வட்டத்தின் அகலம் பாதியானால் பரப்பளவு கால்பங்காகிவிடும். எட்டடிக் கோலத்தில் பெரும்பாலான நேரம் போவது வெளிவளையங்களை நிரப்புவதில்தான். நாலடிக் கோலத்தை இரண்டரை மணி நேரத்தில் வாசலில் முடித்தேன், வீட்டில் தயாரிப்புக்கு முக்கால் மணி நேரம். மூன்றேகால் மணி நேரத்துக்கு 280 வெள்ளி, மணிக்கு 86. எட்டடிக்கு முழு விலை வாங்கியிருந்தாலும் மணிக்கு 75தான். விளக்கு ஏற்றியதும் அந்தச் சின்னக் கோலம் வாசலையே நிறைத்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் அதன் முன்னால் நின்று எடுத்த படத்தில், ஓரத்து இழை முழுதாகத் தெரிந்தது. எட்டடியில் அது சட்டகத்துக்கு வெளியே போயிருக்கும்.

உங்கள் கலைக்கு இதை எப்படிப் பொருத்துவது? ஒவ்வொரு வேலையையும் மூன்று அளவில் முன்கூட்டியே விலை போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஓவியர் என்றால் கேன்வாஸ், ஏ4 தாளில் கோட்டோவியம், அதே படத்தின் அச்சுப்பிரதி. பாடகர் என்றால் முழுக் கச்சேரி, ஒரு மணி நேரம், மாலை மாற்றும்போது பாடும் மூன்று பாட்டு. நாட்டியக்காரர் என்றால் மார்க்கம் எனும் முழுக் கச்சேரி வரிசை, ஒரு பதம், ஒரு வரவேற்பு நடனம். தொகுப்பாளர் என்றால் முழு நிகழ்ச்சி, பாதி நிகழ்ச்சி. வாடிக்கையாளர் கையில் காசில்லை என்று சொன்னதும் நீங்கள் தடுமாற வேண்டியதில்லை. அடுத்த அளவைக் காட்டுங்கள். அவருக்கும் அவமானம் இல்லை, உங்களுக்கும் நஷ்டம் இல்லை.

யாருக்காவது இலவசமாகச் செய்ய வேண்டும் என்று தோன்றினால், முழுக்க இலவசமாகவே செய்யுங்கள். பாதி விலைக்குச் செய்யாதீர்கள். இலவசம் என்பது அன்பளிப்பு, எல்லாருக்கும் புரியும். பாதி விலை நாளைக்கு உங்கள் விலையாகிவிடும்.

'விளம்பரம் கிடைக்கும், வந்து செய்யுங்கள்' என்று கூப்பிடுவார்கள். சரிவுக் காலத்தில் இது அதிகமாகும். மேடை, ஒலிபெருக்கி, சாப்பாடு எல்லாவற்றுக்கும் காசு கொடுக்கும் நிகழ்ச்சி, கலைஞருக்கு மட்டும் விளம்பரத்தைக் கொடுக்கிறது என்றால் நான் போவதில்லை. நீங்களும் போகாமல் இருந்தால் நம் எல்லாருக்கும் நல்லது.

படி 4: ஒரு பக்க ஒப்பந்தம், பாதி முன்பணம்

தெரிந்தவர்களிடம் எழுத்தில் கேட்கக் கூச்சமாக இருக்கும். எனக்கும் இருந்தது. பிறகு ஓர் உணவகத்தின் சுவரில் 1,800 வெள்ளிக்கு ஓவியம் வரைந்தேன். பாதி முதலிலேயே கொடுத்தார்கள். மீதி 900 வெள்ளி ஐந்து மாதம் வரவில்லை. ஒவ்வொரு முறையும் "அடுத்த வாரம் பார்க்கலாம் தங்கச்சி." எங்களுக்குள் எழுத்தில் இருந்தது சில வாட்ஸ்அப் செய்திகள் மட்டும்தான். நல்லவேளை, அவற்றில் ஒன்றில் விலையும் தேதியும் இருந்தது. அதை வைத்துத்தான் பணத்தை வாங்க முடிந்தது.

ஒப்பந்தம் ஒரு பக்கம் போதும், தமிழிலேயே எழுதலாம். என்ன வேலை, எந்த அளவு, எந்த நாள், எத்தனை முறை திருத்தித் தருவீர்கள், மொத்த விலை, முன்பணம் எவ்வளவு, மீதி எந்தத் தேதிக்குள். நான் வடிவத்துக்கு இரண்டு திருத்தம் வரை சேர்த்தே விலை சொல்கிறேன், மூன்றாவதிலிருந்து தனிக் கட்டணம். முன்பணம் பேநவ் வழியாக வந்த பிறகுதான் அந்தத் தேதியை நாள்காட்டியில் எழுதுவேன்.

2020க்குப் பிறகு நான் சேர்த்த வரி ஒன்று உண்டு: நிகழ்ச்சி தள்ளிப்போனால் முன்பணம் ஆறு மாதத்துக்குச் செல்லும், ரத்தானால் முன்பணம் திரும்பாது. இதை வாங்கும்போதே வாயாலும் சொல்லிவிடுங்கள். பிறகு சண்டை வராது.

காப்புரிமையையும் எழுதுங்கள். 2021 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த புதிய காப்புரிமைச் சட்டம் நமக்குச் சாதகமானது. முன்பெல்லாம் யாராவது காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம், வரையச் சொன்ன உருவப்படம் போன்றவற்றின் காப்புரிமை சொன்னவருக்கே போனது. இப்போது வேறு விதமாக எழுதிக் கொடுக்காத வரை அது படைத்தவருக்கே. படைப்பைப் பொதுவில் பயன்படுத்தும்போது படைத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற உரிமையும் அந்தச் சட்டத்தில் உண்டு. ஒரு நிறுவனம் 'எல்லா உரிமையும் எங்களுக்கே' என்று எழுதிய தாளை நீட்டினால், கையெழுத்துப் போடுமுன் எதற்குப் பயன்படுத்தப் போகிறார்கள் என்று கேளுங்கள். ஒரு தீபாவளி அட்டைக்கு ஒரு விலை. பத்து வருடம் எல்லாப் பொருளிலும் அச்சடிக்க இன்னொரு விலை.

பணம் வரவில்லை என்றால் இந்த வரிசையில் போங்கள். முதலில் தேதி குறிப்பிட்டு எழுத்தில் நினைவூட்டுங்கள். கோபமில்லாமல் எழுதுங்கள், பின்னால் வேறொருவர் படிக்கப்போகும் செய்தி அது. அதற்கும் அசையவில்லை என்றால் டிஏடிஎம் எனப்படும் முத்தரப்புப் பூசல் நிர்வாகக் கூட்டணியை நாடலாம். சுயதொழில் செய்வோரின் கட்டணத் தகராறுகளுக்கு அவர்கள் சமரசப் பேச்சு நடத்தித் தருகிறார்கள். என் 900 வெள்ளி சமரசத்துக்கு விண்ணப்பித்தேன் என்று சொன்ன வாரமே வந்தது. அங்கும் முடியாவிட்டால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. வழக்கறிஞர் வைக்க முடியாது, நாமே பேச வேண்டும். பிரச்சினை தொடங்கி இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள்.

படி 5: சொல்லிக்கொடுங்கள்

மாதாமாதம் வரும் காசு என்றால் அது வகுப்புதான். இந்த ஊரில் நம் கலைகள் உயிரோடிருப்பதும் அப்படித்தான். சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் 1949இலும், பாஸ்கர் கலைக்கழகம் 1952இலும் தொடங்கின. எத்தனையோ பொருளாதாரச் சரிவுகளை அவை தாண்டி வந்திருக்கின்றன. மேடைக் காசை மட்டும் நம்பியிருந்தால் அது நடந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

வீட்டில் தொடங்கலாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் துணைப்பாட வகுப்பு என்றால் ஒரே நேரத்தில் மூன்று மாணவர்களுக்கு மேல் கூடாது. வெளியே பெயர்ப்பலகை மாட்டக் கூடாது, அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு இருக்கக் கூடாது. மூன்று பேர் என்பது குறைவாகத் தோன்றும். சனிக்கிழமை மூன்று குழு வைத்தால் ஒன்பது பிள்ளைகள்.

சமூக மன்றங்களில் பயிற்றுவிப்பாளராகச் சேரலாம். கட்டணத்தில் ஒரு பங்கு அவர்களுக்குப் போகும், ஆனால் இடமும் விளம்பரமும் அவர்களுடையது. பள்ளிகளில் நிலைமை வேறு. தேசியக் கலைகள் மன்றத்தின் கலைக் கல்வித் திட்டப் பட்டியலில் உங்கள் வகுப்பு இடம்பெற்றால், அதை எடுக்கும் பள்ளிகளுக்கு டோட் போர்டு என்ற அரசாங்க அமைப்பின் மானியம் கிடைக்கும். ஆகவே பள்ளிகள் அந்தப் பட்டியலிலிருந்து எடுக்கவே விரும்புகின்றன. தனியாகப் பட்டியலில் சேர முடியாவிட்டால், ஏற்கனவே சேர்ந்திருக்கும் நிறுவனத்தின் கீழ்ப் பயிற்றுவிப்பாளராகப் போகலாம். நான் அப்படித்தான் தொடங்கினேன்.

வகுப்பு முழு வாரத்தையும் விழுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் வாரத்தில் இரண்டரை நாளுக்கு மேல் சொல்லிக்கொடுப்பதில்லை. அதற்கு மேல் போனபோது என் கை வரைவதையே மறக்கத் தொடங்கியது.

படி 6: கணக்கும் வரியும்

பலரும் 'கொஞ்சக் காசுதானே, எதற்குக் காட்ட வேண்டும்' என்று விட்டுவிடுகிறார்கள். 2020இல் அரசாங்கம் சுயதொழில் செய்வோருக்கு மாதம் 1,000 வெள்ளி வீதம் ஒன்பது மாதத்துக்கு உதவித்தொகை கொடுத்தது. மொத்தம் 9,000 வெள்ளி. முந்தைய ஆண்டுகளில் சுயதொழில் வருமானத்தைக் காட்டியிருந்து தகுதி பெற்ற பலருக்கு, விண்ணப்பிக்காமலே பணம் வந்தது. காட்டாதவர்கள் தாங்கள் கலைஞர்கள்தான் என்று நிரூபிக்கவே அல்லாடினார்கள். அப்படி அல்லாடியவர்களில் என்னைவிடப் பெரிய வித்வான்கள் இருந்தார்கள். அதைப் பார்த்த வேதனையில்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

செலவு போக உங்கள் தொழில் வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் வரிப் படிவத்தில் காட்ட வேண்டும், மெடிசேவ் கட்ட வேண்டும். இணையத்தில் தாக்கல் செய்யக் கடைசி நாள் ஏப்ரல் 18. வண்ணம், தாள், நரம்பு, சலங்கை, வேலைக்குப் போன பஸ், ரயில், டாக்சிக் கட்டணம் இவற்றையெல்லாம் செலவாகக் கழிக்கலாம். சொந்தக் காரின் செலவைக் கழிக்க முடியாது. ரசீதுகளை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். கடை ரசீதின் மை சீக்கிரம் மங்கிவிடும். வாங்கிய அன்றைக்கே போனில் படமெடுத்து மாதவாரியாகப் போட்டு வையுங்கள். வரியை ஒரேயடியாகக் கட்ட முடியாவிட்டால் கைரோ (வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் முறை) மூலம் வட்டியில்லாமல் 12 மாதத் தவணையில் கட்டலாம். மெடிசேவுக்கும் தவணை உண்டு, கேளுங்கள்.

அடையாள அட்டையில் உள்ள முழுப் பெயரிலேயே தனியாளாகத் தொழில் செய்தால், தொழில்களைப் பதியும் அமைப்பான அக்ராவில் பதிய வேண்டியதில்லை. 'கலைவாணி ஆர்ட்ஸ்' என்பது போலப் பெயர் வைத்தால் பதிய வேண்டும். பெயருக்கு 15 வெள்ளி, ஓராண்டுப் பதிவுக்கு 100 வெள்ளி. பொருள் சேவை வரிக்குப் பதிவது ஆண்டு விற்பனை பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டும்போதுதான் கட்டாயம். அந்தக் கவலை இப்போது வேண்டாம்.

படி 7: உதவி இருக்கிறது, கேளுங்கள்

தேசியக் கலைகள் மன்றத்தின் மானியங்களுக்கு விண்ணப்பிக்கும்போது, உங்கள் கனவை விவரிப்பதைவிட வரவுசெலவுப் பட்டியலைச் சரியாக எழுதுங்கள். அதில் உங்கள் சொந்தக் கூலியையும் ஒரு வரியாகப் போடுங்கள். மண்டப வாடகை, ஒலி, விளக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டுத் தன் கூலியை விட்டுவிடும் கலைஞர்கள் நம்மில் மிக அதிகம். அதே மன்றம் சுயதொழில் கலைஞர்களுக்காக நடத்தும் இணைய மையத்தில் வேலை, நிதி, சட்டம் தொடர்பான தகவல்கள் கிடைக்கும். தொழிற்சங்கக் காங்கிரசான என்டியுசியிலும் சுயதொழில் செய்வோருக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது.

சிங்கப்பூரராக, 30 வயதும் அதற்கு மேலுமாக, மாத வருமானம் 3,000 வெள்ளிக்கு மேற்படாதவராக இருந்தால் வொர்க்ஃபேர் துணை வருமானத் திட்டத்தைப் பாருங்கள். வேறு சில நிபந்தனைகளும் உண்டு. சுயதொழில் செய்வோருக்கு அதில் பத்து சதவீதம்தான் ரொக்கம், மீதி மெடிசேவில் சேரும். வருமானத்தைக் காட்டி மெடிசேவ் கட்டியிருந்தால்தான் கிடைக்கும். படி 6 மறுபடியும் இங்கே வந்து நிற்கிறது, பார்த்தீர்களா?

40 வயதும் அதற்கு மேலுமான சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதம் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சிக் கணக்கில் 4,000 வெள்ளி கூடுதலாகப் போடப்பட்டது. வேலை இல்லாத மாதத்தில் காணொளித் தொகுப்போ கணக்குவைப்போ படிக்கலாம். சொந்த நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் எஸ்ஜி கல்ச்சர் பாஸ் திட்டத்தையும் கவனியுங்கள். 18 வயதும் அதற்கு மேலுமான சிங்கப்பூரர்களுக்கு 100 வெள்ளி கிடைத்திருக்கிறது, 2028 டிசம்பர் 31 வரை உள்ளூர்க் கலை நிகழ்ச்சிகளுக்குச் செலவிடலாம். உங்கள் நிகழ்ச்சியை அதில் சேர்க்க முடிந்தால், டிக்கெட் வாங்க வீட்டுக் காசை எடுக்க வேண்டாம் என்று பார்வையாளரிடம் நீங்கள் சொல்லலாம்.

வீட்டில் அரிசிக்கே கஷ்டம் என்ற நிலை வந்தால் பக்கத்திலுள்ள சமூகச் சேவை அலுவலகத்துக்குப் போய் காம்கேர் நிதியுதவி கேளுங்கள். அது உங்களுக்காகவும் இருக்கிறது. கலைஞர் என்பதால் மானம் பார்த்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள்.

படி 8: வேறு வேலை பார்ப்பது பற்றி

2020 ஜூலையிலிருந்து ஏழு மாதம் நான் ஒரு கிடங்கில் பொட்டலம் கட்டினேன். காலை ஏழு முதல் மதியம் இரண்டு வரை. யாராவது தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்று முதல் வாரம் முகக்கவசத்தை மேலே மேலே இழுத்துக்கொண்டே இருந்தேன். இரண்டாவது மாதச் சம்பளத்தில் அம்மாவின் மருந்து பாக்கியைக் கட்டியபோது அந்தக் கூச்சம் போய்விட்டது. பகுதிநேர வேலை எடுத்தால் கலையை விட்டுவிட்டதாக ஆகாது. ஆனால் வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது கையையும் தொண்டையையும் பாருங்கள். வீணை வாசிப்பவர் பெட்டி தூக்கும் வேலைக்குப் போக வேண்டாம், பாடுகிறவர் நாள் முழுக்கப் பேசும் வேலைக்குப் போக வேண்டாம். நேரம் நிலையாக இருக்கும் வேலையாகப் பாருங்கள். மாறி மாறி வரும் ஷிப்டில் சாதகம் முதலில் செத்துப்போகும்.

கிடங்கு நாட்களில் தினமும் மாலை அரை மணி நேரம் புள்ளி வைத்துக் கோலம் போட்டேன். தாளில், பென்சிலில். யாரும் கேட்கவில்லை, யாரும் காசு தரவில்லை. 2021இல் மறுபடி அழைப்பு வந்தபோது கை நடுங்காமல் இழை வந்தது அதனால்தான்.

படி 9: பழைய வாடிக்கையாளர் புத்தகம்

சரிவுக் காலத்தில் புது வாடிக்கையாளரைத் தேடி விளம்பரத்துக்குக் காசு செலவழிப்பதைவிட, ஏற்கனவே உங்களை நம்பியவரிடம் திரும்பப் போவது சுலபம். நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பெயர், என்ன விசேஷம், எந்த மாதம், என்ன நிறம் பிடித்தது, வீட்டில் யார் யார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஐந்து பேருக்குச் செய்தி அனுப்புவேன். 'ஆர்டர் இருக்கிறதா' என்று கேட்பதில்லை. கல்யாண நாளுக்கு வாழ்த்து, பழைய கோலத்தின் படம், 'அம்மா எப்படி இருக்காங்க' என்று ஒரு வரி. ஐந்தில் மூன்று பேர் பதில் போடுவார்கள், மாதத்தில் இரண்டு வேலையாவது அப்படி வரும்.

நாலடிக் கோலம் போட்டுக்கொண்ட அந்த உட்லண்ட்ஸ் பெண்ணுக்கும் போன மாதம் அப்படித்தான் ஒரு செய்தி போட்டேன். தம்பிக்கு வேறு வேலை கிடைத்துவிட்டதாம். அவன் மனைவிக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. "அக்கா, இந்தத் தடவை எட்டடி போடலாமா?" என்று கேட்டார். 640 என்றேன். முன்பணம் 320 வெள்ளி அன்று மாலையே வந்துவிட்டது. சனிக்கிழமை ராத்திரி மாவு சலிக்க வேண்டும், பச்சையும் மஞ்சளும் கொஞ்சம் கூடுதலாகக் கலந்து வைத்துக்கொள்ள வேண்டும்.